இன்றைக்கு வந்தானா?

(ஜொகூர், குளுவாங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் பேசப்போகிற விஷயத்தைச் சொன்னதும் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் தயங்கினார். "கோயில் மண்டபத்தில் போதைப் பேச்சா, அக்கா?" என்றார். நான் சொன்னேன்: "தம்பி, தைப்பூசத்துக்கு இந்த வாசலில் காவடி இறக்குகிறவர்களில் காலையில் என் கவுண்டரில் மருந்து குடித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களை உள்ளே விடுகிறீர்கள். பேச்சை மட்டும் ஏன் வெளியே நிறுத்துகிறீர்கள்?" அவர் சிரித்துவிட்டார். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

இந்த மாநிலத்து அரசாங்கக் கிளினிக் ஒன்றில் பல ஆண்டுகள் மெத்தடோன் ஊற்றிக் கொடுத்தவள் நான். ஹெராயின் பழக்கத்தில் விழுந்தவர்களுக்கு அதற்குப் பதிலாக, அளவு பார்த்து, டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கிற மருந்து அது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெற்ற நாள்வரை தாய்மார்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏம்மா, என் மகன் இந்த மருந்தை எப்போ விடுவான்?" இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்வதற்கு முன்னால், இந்த நாடு போதைக்காரனை எந்தெந்தக் கணக்கில் எழுதிவைத்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

முதலில் அவனை வரவில் எழுதினார்கள். நாம் நிற்கிற இந்த ஜொகூரைக் காடு வெட்டித் திறந்தது கம்பீர்ச் செடியும் மிளகுக் கொடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றோரங்களைச் சீனத் தலைவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கங்சு என்று பெயர். தோட்டம் போடும் உரிமையோடு, அங்கே வேலை செய்கிற கூலிகளுக்கு அபின் விற்கிற உரிமையும் சேர்ந்தே போனது. கூலி ஒரு கையில் கிடைக்கும், இன்னொரு கையால் அபின் கடைக்குப் போய்விடும். ஜொகூரில் கங்சு முறை 1917இல்தான் ஒழிந்தது. பக்கத்தில், ஆங்கிலேயர் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களில் சில ஆண்டுகள் அரசாங்க வருமானத்தில் ஏறத்தாழ பாதி அபினிலிருந்து வந்தது. புகைக்கிறவன் அன்றைக்கு நோயாளியும் இல்லை, குற்றவாளியும் இல்லை. வாடிக்கையாளன்.

நம் ஆட்களுக்கு அபின் இல்லை, கள்ளுக்கடை இருந்தது. லயத்துக்குப் பக்கத்திலேயே கடை. சம்பள நாளில் அங்கே எத்தனை பேர் விழுந்து கிடந்தார்கள் என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். போதையில் கிடந்தவன் கேட்ட கோரிக்கை என்று அதை வரலாற்றில் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். தன்னை யாருடைய கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு அவனைப் பகையில் எழுதினார்கள். 1983இல் போதைப் பொருள் நாட்டின் முதல் எதிரி என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டு வந்த சட்டப்படி, சிறுநீர்ச் சோதனையில் பழக்கம் உறுதியானால் ஈராண்டு புனர்வாழ்வு நிலையத்தில் அடைப்பு, அதற்குப் பிறகு ஈராண்டு கண்காணிப்பு. புசாட் செரெந்தி என்று பெயர் சொன்னால் இங்கே பல குடும்பங்களுக்கு ஞாபகம் வரும். அணிவகுப்பு, உடற்பயிற்சி, வேலை, கட்டுப்பாடு. மகன் உடம்பு தேறி, முடி வெட்டி, கன்னம் உப்பித் திரும்பி வருவான். வீட்டில் கறி சமைப்பார்கள். ஒரு மாதம் கழித்து அலமாரியில் வைத்த நகை காணாமல் போகும். இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். ஒரு மாதம் என்று நான் சும்மா சொல்லவில்லை. அதற்கு ஓர் எண் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இடையில் எச்.ஐ.வி. வந்தது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் நோயாளிகளைக் கண்டுபிடித்த அதே 1986இல்தான் மலேசியாவிலும் முதல் நோயாளி பதிவானார். இந்தியாவில் அது பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவியது. இங்கே ஊசி வழியாகப் பரவியது. ஒரு ஊசி, நாலு பேர். 2002ஆம் ஆண்டில் மட்டும் 6,978 புதிய நோயாளிகள் பதிவானார்கள். இந்த நாட்டில் ஓர் ஆண்டில் அதிகம் பதிவான எண்ணிக்கை அதுதான். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஊசியால் வந்தவர்கள். அவர்களிடமிருந்து மனைவிக்கு, மனைவியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு. பகை என்று எழுதி வேலிக்குள் வைத்தவன் மூலமாக வேலிக்கு வெளியே இருந்த ஒரு பெண் சாகிறாள் என்று தெரிந்தபோதுதான் அரசாங்கம் பேனாவைத் திரும்பக் கையில் எடுத்தது.

அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் நம் ஜொகூர்க்காரர், லாபிஸ் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் சுவா சொய் லெக். மெத்தடோனையும் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டத்தையும் அரசாங்கம் 2005இல் ஏற்றுக்கொண்டது. போலீசார் தயங்கினார்கள். சமயத் தலைவர்கள் கேள்வி கேட்டார்கள். தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அடீபா கமாருல்ஸமான் போன்றவர்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கி விளக்கினார்கள். 2005 அக்டோபரில் மெத்தடோன் சோதனைத் திட்டம் தொடங்கியது. 2006இல் ஊசி மாற்றும் திட்டம் மூன்று ஊர்களில் தொடங்கியது: கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு. 2008இல் கிளந்தானின் பெங்காலான் செப்பா சிறைக்குள்ளேயே மெத்தடோன் போனது. பிறகு கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசலுக்குள்ளும் போனது.

2006 என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவில் சுத்தமான ஊசி கொடுக்கத் தொடங்கிய அதே ஆண்டு ஆகஸ்டில், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே டாக்டர்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த சுபுடெக்ஸ் மாத்திரையை, அதாவது புப்ரெனார்ஃபின் மருந்தை, தண்டனைக்குரிய போதைப் பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்பது காரணம். அவர்கள் சொன்ன காரணம் பொய்யில்லை. அதே கெடுதல் இங்கேயும் நடந்தது. பினாங்கில் இருக்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் விக்னசிங்கமும் மற்றவர்களும் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நாம் அந்த மாத்திரையை எடுத்துவிட்டு, ஊசியில் ஏற்றினால் உடம்பை உலுக்கிவிடும் நலோக்சோன் கலந்த மாத்திரையைக் கொண்டுவந்தோம். கலப்பு மாத்திரையையும் ஊசியில் ஏற்றியவர்கள் இருந்தார்கள். ஒரு கெடுதலைப் பார்த்து ஒரு நாடு கதவை மூடியது, இன்னொரு நாடு கதவுக்கு வேறு பூட்டுப் போட்டது. இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு பாலம்தான்.

சரி, இந்த மெத்தடோன் என்னதான் செய்கிறது?

நம்மில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் நிறைய. உங்களுக்கு உடனே புரியும். மரத்தில் கோடு போட்டால் பால் சொட்டுச் சொட்டாகக் கோப்பைக்கு இறங்கும். நல்ல மழை அடித்தால் கோப்பை ஒரே நொடியில் நிரம்பி வழிந்து, பாலும் கெட்டு, அன்றைய கூலியும் போய்விடும். ஹெராயின் அந்த மழை. உடம்பில் நாலைந்து மணி நேரம்தான் நிற்கும். வடிந்ததும் மூக்கு ஒழுகும், எலும்புக்குள் வலிக்கும், வயிறு போகும், மயிர் சிலிர்க்கும். 'கியான்' வந்துவிட்டது என்பார்கள். அடுத்த பொட்டலத்துக்குக் காசு தேடி ஓட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நாலு தடவை. அந்த ஓட்டத்தில் திருட்டு வருகிறது, பொய் வருகிறது, பிறர் ஊசி வருகிறது. மெத்தடோன் கோட்டில் இறங்குகிற பால். வாயால் குடிக்கிற மருந்து. ஒரு தடவை குடித்தால் ஒரு நாள் முழுக்க மெதுவாக நிற்கும். சரியான அளவில் கிறக்கமும் இல்லை, கியானும் இல்லை. மேலே ஹெராயின் ஏற்றினாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரண்டு டாக்டர்கள் 1960களின் நடுவில் இதைச் செய்து காட்டினார்கள். ஹாங்காங் 1970களிலேயே பெரிய அளவில் கொடுக்கத் தொடங்கியது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

கவுண்டரில் இது எப்படி நடக்கும் என்று கேட்டால், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். ஒருவர் தலைக்கவசத்தை இடுக்கிக்கொண்டு அட்டையை நீட்டுவார். பதிவேட்டில் அவர் வரிசையைத் தேடிப் பார்ப்பேன். எழுபது மில்லிகிராம் என்றால் எங்கள் புட்டியிலிருந்து பதினாலு மில்லிலிட்டர். அளந்து, தண்ணீர் சேர்த்து, சின்னக் கோப்பையில் கொடுப்பேன். என் கண் முன்னால் குடிக்க வேண்டும். குடித்ததும் பேச்சுக் கொடுப்பேன். "மகளுக்குப் பரீட்சை முடிஞ்சிதா?" பதில் சொன்னால் மருந்து வாயில் இல்லை, தொண்டைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். சோதனைக்காக ஆரம்பித்த பேச்சுதான். சில வருஷத்தில் அவர்கள் பிள்ளைகள் எந்த வகுப்பு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பிறகு பதிவேட்டில் அன்றைய தேதிக் கட்டத்தில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். ஊசியில்லை, உபதேசமும் இல்லை.

இதனால் ஆன நன்மையைக் கணக்குப் பார்ப்போம். ஜொகூரிலிருந்தே தொடங்கலாம். மூவாரில் போதைச் சிகிச்சை மையம் நடத்திய டாக்டர் மஹ்மூட் மஸ்லானும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஹெராயினிலிருந்து உடம்பைச் சுத்தம் செய்து வெளியே வந்த 126 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். 44 பேருக்கு, மெத்தடோனைப் போலவே ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கிற புப்ரெனார்ஃபின். 43 பேருக்கு நல்ட்ரெக்ஸோன், அதாவது போதையைத் தடுக்க மட்டும் செய்கிற மருந்து. 39 பேருக்கு வெறும் மாத்திரை. ஆலோசனை எல்லாருக்கும் உண்டு. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. நடுவில் கணக்குப் பார்த்தபோது புப்ரெனார்ஃபின் பிரிவு அவ்வளவு தூரம் முன்னால் நின்றதால் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களுக்குத் தெரிந்தே குறைந்த சிகிச்சை கொடுப்பது தர்மமில்லை என்பதுதான் காரணம். 2008இல் லான்செட் இதழில் வெளியானது. தடுப்பு மருந்தும் வெறும் மாத்திரையும் முக்கிய அளவுகோல்களில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. "ஆலோசனை சொல்லி, மனசைத் திடப்படுத்தினால் போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு மூவாரிலிருந்தே பதில் வந்துவிட்டது.

அடுத்து, நான் சொன்ன அந்த ஒரு மாதம். 2010 முதல் அரசாங்கம் அடைப்பு நிலையங்களில் சிலவற்றைத் தானாக வந்து சேர்கிற சிகிச்சை நிலையங்களாக மாற்றியது. இரண்டு வகை நிலையங்களிலிருந்தும் வெளியே வந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. கட்டாயமாக அடைத்து வைக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் மறுபடி பழக்கத்துக்குப் போக ஆன காலம் 31 நாள். தாமாக வந்து மெத்தடோன் குடித்தவர்களில் பாதிப்பேருக்கு 352 நாள். உங்கள் வீட்டு நகை ஏன் சரியாக ஒரு மாதத்தில் காணாமல் போனது என்று இப்போது தெரிகிறதா? உடம்பைத்தான் அடைத்து வைத்தார்கள், ஆசை வாசலில் காத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, உயிர். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வந்த கணக்கு இது. மெத்தடோனுக்கு வெளியே இருக்கும்போது ஆயிரம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 36 பேர் சாகிறார்கள். மெத்தடோனில் இருக்கும்போது சுமார் 11 பேர். நான்காவது, எச்.ஐ.வி. ஊசி மாற்றும் திட்டமும் மெத்தடோனும் சேர்ந்து 2013 வரை 12,000க்கும் மேற்பட்ட தொற்றுகளைத் தடுத்ததாக உலக வங்கியும் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து போட்ட கணக்கு சொல்கிறது. செலவுக்குத் தகுந்த பலன் என்றும் அது முடிக்கிறது. இன்றைக்குப் புதிதாகப் பதிவாகிற எச்.ஐ.வி. நோயாளிகளில் ஊசியால் வந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இந்தப் புகழ் முழுவதையும் மெத்தடோன் தலையில் கட்டமாட்டேன். எச்.ஐ.வி. மருந்து பரவலாகக் கிடைத்ததும் ஒரு காரணம். ஊசி போடுகிற ஹெராயினை விட்டு இளைஞர்கள் சியாபு பக்கம், அதாவது மெத்தம்ஃபெட்டமின் பக்கம், போனதும் ஒரு காரணம். அது சந்தோஷப்படுகிற காரணமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

வரவை மட்டும் வாசித்துவிட்டுச் செலவை மறைக்கிறவளை நம்பாதீர்கள். செலவுப் பக்கத்தையும் வாசிக்கிறேன்.

அரசாங்கத்துக்கு மருந்து அப்படியொன்றும் விலையில்லை. ஆள்தான் விலை. பூட்டி வைக்க வேண்டிய மருந்து, ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் பதிவு, நாள் தவறாமல் கவுண்டரில் ஒரு மருந்தாளுநர், டாக்டர், சிறுநீர்ச் சோதனை. அதே வரிசையில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் காத்திருக்கிற பெரியவர் "இவனுக்கு மட்டும் என்ன முதல் மரியாதை?" என்று முணுமுணுப்பார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் பற்றாக்குறை அவர் முழங்கால் மேல்தான் விழுகிறது.

நோயாளியின் செலவு வேறு. கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். ஆனால் தினமும் வர வேண்டும். பெட்ரோல், டோல், அரை நாள் சம்பளம், "தினமும் காலையில் எங்கே போறே?" என்று கேட்கிற முதலாளி. இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். எந்தக் கிளினிக் என்பது முக்கியமில்லை, தவறு என்னுடையது. பாசிர் கூடாங்கில் இரவு வேலை பார்த்த ஒருவர், எட்டு மாதமாக ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர், ஒரு நாள் கவுண்டர் மூடிப் பத்து நிமிஷம் கழித்து வந்தார். சாலையில் லாரி கவிழ்ந்து நெரிசல் என்றார். பூட்டிவிட்டேன், கணக்கும் முடித்துவிட்டேன். "நாளைக்கு வாங்க அண்ணே" என்றேன். விதி அதுதான். அவர் எதுவும் சொல்லவில்லை, தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சில நாள் தவறினால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது, உடம்பு தாங்காது, குறைத்துத்தான் தொடங்க வேண்டும். அவருக்கு அதுவும் தெரியும். பதினோரு மாதம் அவர் வரிசையில் வெறும் கட்டங்கள். பிறகு ஒரு நாள் வந்தார், பாதி உடம்பாக. இருபது மில்லிகிராமிலிருந்து மறுபடி தொடங்கினோம். என்னைக் குறை சொல்லவில்லை. "மூடிட்டீங்களோன்னு பயந்துகிட்டே வந்தேன் அக்கா" என்றார். அந்தப் பத்து நிமிஷத்தின் விலையை எந்த ஆய்வுக்காரரும் எழுதமாட்டார். அதற்குப் பிறகு நாங்கள் கவுண்டரை ஏழரைக்கே திறந்தோம்.

ஆபத்துகளும் உண்டு. மெத்தடோன் உடம்பில் மெல்லச் சேருகிற மருந்து. இன்றைக்குக் குடித்தது முழுக்க இறங்குவதற்குள் நாளைய அளவு மேலே ஏறும். அதனால் முதல் நான்கு வாரம் கவனமாக இருக்க வேண்டிய காலம். அப்போது மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சையை நிறுத்திய முதல் சில வாரமும் அதேபோல் ஆபத்து. உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும், ஆள் பழைய அளவையே ஏற்றுவான். பெரியவர் குடிக்கிற ஓர் அளவு, ஒரு குழந்தையைக் கொன்றுவிடப் போதும். மலச்சிக்கல், வியர்வை, பல் சொத்தை உண்டு. சிலருக்கு இதயத் துடிப்பின் தாளம் மாறும். அதற்கு ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும்.

காச நோய் மருந்தோடு ஒரு சண்டையும் உண்டு. நன்றாக இருந்த ஒரு தம்பி, திடீரென்று காலை வரும்போதே வியர்த்துக் கொட்டி, கொட்டாவி விட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றான். "மறுபடி ஆரம்பிச்சிட்டான்" என்று பக்கத்தில் நின்றவர்களே சொன்னார்கள். சிறுநீரில் ஒன்றும் இல்லை. பையைத் திறந்து பார்த்தால் வேறு ஒரு கிளினிக்கில் கொடுத்த காச நோய் மாத்திரை. அதில் உள்ள ரிஃபாம்பிசின் மெத்தடோனை உடம்பிலிருந்து வேகமாகக் கழித்துவிடும். எழுபது குடித்தவனுக்கு அதன் பலனில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. அளவைக் கூட்டியதும் மூன்றாம் வாரம் நிமிர்ந்து நின்றான். அவனை அன்றைக்குத் திட்டி அனுப்பியிருந்தால் காச நோய் மாத்திரையைத்தான் நிறுத்தியிருப்பான். பிறகு அவன் இருமல் எத்தனை பேருக்குப் போயிருக்கும்?

மருந்து வெளியே கசிகிறது என்பதும் உண்மை. வீட்டுக்குக் கொடுத்ததை விற்றவர்களை எனக்குத் தெரியும். கடைசியாக, இந்த மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. ஹெராயின், மார்ஃபின் வகைக்குத்தான் இது கேட்கும். சியாபுவுக்கு மெத்தடோன் மருந்தில்லை. இன்றைக்கு அந்தக் கவுண்டருக்கு வருகிறவர்களுக்கு வயது ஐம்பது, அறுபது. வாசலில் நிற்கிற இருபது வயதுக்காரனுக்குக் கொடுக்க அந்தப் புட்டியில் ஒன்றுமில்லை. அவனுக்கான சிகிச்சை பேச்சிலும் பொறுமையிலும் வாரா வாரம் வருகையிலும்தான் இருக்கிறது. அதற்கு இன்னும் அதிக ஆள் வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும் நான் ஏன் இந்தப் பக்கமே நிற்கிறேன்? செலவெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வரிசை தெரிகிறது, பதிவேடு தெரிகிறது, மலச்சிக்கல்கூடத் தெரிகிறது. வரவு கண்ணுக்குத் தெரிவதில்லை. தொற்று வராத மனைவியை யாரும் எண்ணுவதில்லை. அடகுக் கடைக்குப் போகாத தாலி எந்த அறிக்கையிலும் வராது. சாகாதவனுக்குப் புள்ளிவிவரத்தில் தனிக் கட்டம் கிடையாது, அவன் பாட்டுக்குப் பாசிர் கூடாங்கில் வெல்டிங் செய்துகொண்டிருப்பான். அபின் விற்ற காலத்தில் இது நேர்மாறாக இருந்தது. வரவு கஜானாவில் தெரிந்தது, செலவு கூலிகள் தங்கிய கொங்சி வீட்டில் மறைந்து கிடந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகு அந்தக் கணக்கை அரசாங்கம் தன் பையிலிருந்து திருப்பிக் கட்டுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம்மால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கடை, பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று: ஆள் காலையில் அரை மணி நேரம் தாமதமாக வரக் கேட்டால் காரணத்தைத் தோண்டாமல் விடுங்கள். மருமகளுக்கு ஒன்று: வீட்டுக்குக் கொடுக்கிற புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் பழரசத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பூட்டு வேண்டும். உறவுக்காரர்களுக்கு ஒன்று: "இன்னுமா அந்தத் தண்ணியைக் குடிக்கிறே? ஆம்பளையா இருந்தா விட்டுக் காட்டு" என்று கல்யாண வீட்டில் வைத்துச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் வீரம் வந்து, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தி, ஒரு மாதத்துக்குள் பிணமாக வந்தவர்களுக்கு நான் மாலை போட்டிருக்கிறேன்.

முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். எப்போது விடுவான்? சிலர் ஈராண்டு மூவாண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுகிறார்கள். சிலர் ஆயுளுக்கும் குடிக்கிறார்கள். குடித்துக்கொண்டே பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள். யார் எந்த வகை என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பதிவேட்டில் அன்றைய தேதிக் கட்டம். அதனால் அந்தத் தாய்மார்களிடம் நான் திரும்பக் கேட்பேன்: "அம்மா, இன்றைக்கு வந்தானா?"

அவர்களில் ஒரு அம்மா, ரெங்கம் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டியவர், முதல் வருஷம் மாதம் தவறாமல் வந்து எப்போது விடுவான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் நிலைப்பட்டதும் வார இறுதிக்கு வீட்டுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கினோம். பூட்டுப் போட்ட தகரப் பெட்டி வேண்டும் என்றேன். அடுத்த வாரம் பிஸ்கட் டின்னுக்குக் கொண்டி வைத்துக்கொண்டு வந்தார். சாவி எங்கே என்று கேட்டேன். சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினார். தாலிக்கயிற்றில், இரண்டு குண்டு மணிக்கு நடுவில், சின்னச் சாவி தொங்கியது.

போன மாதம் குளுவாங் சந்தையில் அவரைப் பார்த்தேன். ஓய்வுபெற்றுவிட்டேன் என்று சொன்னேன். மகன் எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "இன்னைக்கும் குடிச்சிட்டுத்தாம்மா வேலைக்குப் போயிருக்கான்." சாவி கழுத்திலேயே இருந்தது.